கடலூரில் பந்து, சிதம்பரத்தில் படிப்பு!

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு நாள் மாலையில் போய்ப் பாருங்கள்.

காற்று வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம். சுண்டல் விற்பவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மணலில் நாலு செருப்புகளை வைத்துக் “கோல்” அமைத்து, பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

மணலில் ஓடுவது சுலபம் அல்ல. பத்து அடி ஓடினாலே நமக்கு மூச்சு வாங்கும். அந்தப் பிள்ளைகளோ இருட்டும் வரை ஓடுகிறார்கள். இருட்டியதும் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பதினேழு, பதினெட்டு வயதில் அவர்களில் பல பேருக்கு ஆட்டம் அதோடு முடிந்துவிடுகிறது. பையன் வேலைக்குப் போகிறான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அந்த வயதில் அவர்களைத் தேடி யாராவது வருகிறார்களா? “உன் ஆட்டம் நன்றாக இருக்கிறது, எங்கள் கல்லூரிக்கு வா” என்று யாராவது அழைக்கிறார்களா?

இப்படி அழைப்பதையே பெரிய தொழிலாக நடத்துகிற நாடு ஒன்று உண்டு. முதலில் அங்கே போய்விட்டு, பிறகு கடலூருக்குத் திரும்புவோம்.

இன்னொரு கடற்கரை

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஒரு மாநிலம் அது. அங்கே ஒவாஹு என்ற தீவில், லாயே, கஹுகு என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள்.

அங்கேயும் கடல், அங்கேயும் தென்னை மரம், அங்கேயும் மாலையில் பிள்ளைகள் பந்தோடு ஓடுகிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் நன்றாக ஆடினால், இரண்டாயிரம் மைலுக்கு மேல் கடல் தாண்டி, விமானத்தில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தாய் தகப்பனிடம் பேசுகிறார்கள். “உங்கள் பையனை எங்களிடம் கொடுங்கள். படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாம் எங்கள் பொறுப்பு” என்கிறார்கள்!

ஹவாய், சமோவா, தோங்கா முதலிய தீவுகளின் மக்களைப் பாலினீசியர்கள் என்பார்கள். நெடுங்காலமாகக் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். படகு கட்டி, நட்சத்திரம் பார்த்துத் திசை அறிந்து, தீவுக்குத் தீவு போனவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் அவ்வளவு கிராக்கி!

அந்தத் தீவுகளில் அமெரிக்க சமோவா என்பது ஒன்று. 2020-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 49,710 பேர்தான். நம் ஊரில் ஒரு நடுத்தரமான நகராட்சிக்குக் கூட இதைவிட அதிக ஜனம் இருக்கும். ஆனால், சமோவாப் பெற்றோருக்குப் பிறந்த பையன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகும் வாய்ப்பு, மற்ற அமெரிக்கப் பையன்களைப்போல் 56 மடங்கு என்று 2010-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி கணக்குப் போட்டுச் சொன்னது.

பெயர்தான் கால்பந்து!

அவர்கள் ஆடுவது நாம் ஆடும் கால்பந்து அல்ல.

அமெரிக்கக் கால்பந்தில் பெயரில்தான் கால் இருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். பந்து உருண்டையாக இராது. உரிக்காத தேங்காயைப்போல் இரு முனையும் கூம்பி இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம் எல்லாம் உண்டு.

அந்த நாட்டில் கல்லூரிப் பந்தயம் என்றால் நம் ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி. மிச்சிகன் பல்கலைக் கழகத்துக்குச் சொந்தமான மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட்டு வருமானம், தொலைக்காட்சி வருமானம் எல்லாம் கோடி கோடியாகப் புரள்கின்றன.

அதனால்தான் ஆட்டக்காரர்களைத் தேடித் தீவுகளுக்குப் போகிறார்கள். முதல் வரிசைக் கல்லூரி ஒவ்வொன்றும் 85 ஆட்டக்காரர்களுக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. 2025-ல் விதி மாறியது. அணிப் பட்டியலில் 105 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், வருமானத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்கே கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது.

ரத்தமா? பாதையா?

“அந்தத் தீவுக்காரர்கள் உடம்பே அப்படி! பிறவியிலேயே பலசாலிகள்!” என்று அமெரிக்காவில் சொல்வது வழக்கம்.

நம் ஊரிலும் இதே பேச்சு உண்டு. “கடற்கரைப் பிள்ளை அல்லவா? வலை இழுத்த கை, உடம்பு இரும்பாகத்தான் இருக்கும்” என்கிறோம். பாராட்டுவதாகத்தான் நினைக்கிறோம். ஆனால் இந்தப் பாராட்டில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது.

உடம்பு மட்டும் போதும் என்றால், உலகத்துக் கடற்கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆட்டக்காரர்கள் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையே! ஏன்?

கஹுகுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மைதானம் இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார். அவர்களுக்கு முன்னால் அதே தெருவிலிருந்து போன அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். லாயேயில் பாலினீசிய ஆட்டக்காரர்களின் பெருமையைச் சொல்ல 2013-ல் நிறுவப்பட்ட “புகழ் மண்டபம்” ஒன்றே இருக்கிறது. நாமும் அப்படி ஆகலாம் என்று ஒரு சிறுவன் அதைப் பார்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பந்து உதைக்கும் தெருவிலிருந்து கல்லூரி வாசல் வரை அங்கே பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதை இருப்பதால்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் வட்டாரத்து மீனவ கிராமங்களில் கால்பந்து ஊறிப் போயிருக்கிறது. அந்த வட்டாரத்தில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணிக்கே ஆடினார். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் பெரிய கழகங்களுக்கு ஆடியவர். ஒரு கிராமத்தில் ஒருவர் போய்விட்டால், அடுத்தவருக்கு வழி தெரிந்துவிடுகிறது!

தங்கியவரும் போனவரும்

ஹவாய்க்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. நல்ல ஆட்டக்காரர்களை வெளியூர்க் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன என்பதுதான் அது.

ஹானலூலு நகரில் செயிண்ட் லூயி என்று ஒரு பள்ளிக்கூடம். அங்கே படித்த மார்க்கஸ் மரியோட்டா ஆரிகன் பல்கலைக் கழகத்துக்குப் போனார். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையை 2014-ல் வாங்கினார். அதே பள்ளியில் படித்த டுவா டாகோவாய்லோவா, அலபாமாப் பல்கலைக் கழகத்துக்குப் போனார். 2018 ஜனவரியில் தேசிய இறுதிப் பந்தயத்தில் பாதியில் களம் இறங்கித் தம் அணியை ஜெயிக்க வைத்தார்.

டுவாவின் கதையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை அலபாமா போனதும் பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. குடும்பமே ஹவாயிலிருந்து அலபாமாவுக்குக் குடி பெயர்ந்தது!

இதே செயிண்ட் லூயி பள்ளியில் அவர்களுக்கு முன்னே படித்தவர் டிம்மி சாங். அவர் எங்கும் போகவில்லை. உள்ளூரில் இருக்கும் ஹவாய்ப் பல்கலைக் கழகத்திலேயே சேர்ந்தார். அங்கே ஆடி, பந்து எறிவதில் தேசிய சாதனை படைத்தார். ஏழு ஆண்டுகளுக்கு அதை யாரும் முறியடிக்கவில்லை. 2022-ல் அதே பல்கலைக் கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவே வந்து சேர்ந்தார்.

போனவரும் முன்னுக்கு வந்தார். தங்கியவரும் முன்னுக்கு வந்தார். ஆனால் தூரம் போன பிள்ளையோடு கூடவே போக ஒரு குடும்பத்துக்கு வசதி வேண்டும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கல்லூரி வேண்டும்.

இனி, கடலூருக்கு வருவோம்.

சுனாமிக்குப் பிறகு

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கடலூர் மறக்காது. இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் கடலுக்குப் பலி ஆனார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம் என்று ஊர் ஊராக அழுகை. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அரசாங்க இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்த பெண் பிள்ளைகளுக்கும், மாவட்டத்தின் மற்ற ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் கடலூரில் ஒருவர் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். பயிற்சியாளர் மாரியப்பன் என்று சொன்னால் பெண்கள் கால்பந்து உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்ற பெயரில் அந்தப் பயிற்சி வளர்ந்தது.

பெயரைக் கவனித்தீர்களா? விளையாட்டு “மற்றும் கல்வி”! இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.

அந்தக் கழகத்துப் பெண்கள் எது வரை போனார்கள்? 2018-ல் மேகாலயாவின் ஷில்லாங் நகரில் இந்தியப் பெண்கள் லீக் பந்தயங்களின் இறுதிச் சுற்று நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் வந்தவை ஏழே அணிகள். அவற்றில் ஒன்று நம் கடலூர் அணி!

அதே 2018 பிப்ரவரியில், கட்டாக் நகரில் தேசியப் பெண்கள் கால்பந்துச் சாம்பியன் போட்டி நடந்தது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். அந்த மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து, தமிழ்நாடு முதன்முதலாகக் கோப்பையை வாங்கியது. 2023-ல் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று, மறுபடியும் கோப்பையைக் கொண்டுவந்தது.

கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஆனார். இதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன் இந்திய அணியின் முன்கள ஆட்டக்காரர் ஆனார். மதுரைச் சேது கால்பந்துக் கழகம் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கில் முதலிடம் பெற்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள்.

இந்துமதிக்கு இன்னொரு சீருடையும் உண்டு. அவர் தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, கால்பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னை வீதிகளில் காவல் பணி பார்த்தார்.

ஆட்டம் அவருக்கு ஓர் உத்தியோகத்தைக் கொடுத்தது. ஏழை வீட்டில் பெண்ணைப் பந்து ஆட அனுப்பும் தாய் கடைசியில் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

திண்ணையில் ஒரு பேச்சு

கடற்கரைக் குப்பத்தில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மாவட்ட அணிக்கு ஆடியவள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வீட்டுக்கு வருகிறார்.

“ஏம்மா, உங்க பொண்ணு நல்லா ஆடுது. சென்னையில ஒரு காலேஜில கேக்குறாங்க. ஃபீஸ் கிடையாது. அனுப்புறீங்களா?”

“சென்னையா? அவ்வளவு தூரம் வயசுப் பொண்ணை எப்படி சார் தனியா விடுறது? இவங்க அப்பாவும் கடலுக்குப் போயிடுறாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லேன்னா நான் எப்படிப் போய்ப் பாக்குறது?”

“சரி, சிதம்பரம்னா?”

“சிதம்பரமா?”

அம்மாள் கொஞ்சம் யோசிக்கிறாள்.

“சிதம்பரம்னா சனிக்கிழமை பஸ் ஏறினா ராத்திரி சோத்துக்கு வந்துடும். அவங்க அப்பா கரைக்கு வரட்டும் சார். கேட்டுச் சொல்றேன்.”

முதல் கேள்விக்குக் கதவு மூடியது. இரண்டாவது கேள்விக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. நடுவில் மாறியது தூரம் ஒன்றுதான்!

நம் வீடுகளில் ஒரு பெண்ணின் படிப்பு பல சமயம் பஸ் கட்டணத்திலும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்பதிலும் அடங்கியிருக்கிறது. இதைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்தத் தாயின் பயமும் நியாயமான பயம்தான். அதைத் தெரிந்துகொண்டு, அதற்குத் தகுந்தபடி வழி செய்ய வேண்டும்.

முப்பது மைலுக்குள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தூரம் முப்பது மைலுக்கும் குறைவு. ரயிலில் போனால் கடலூர் துறைமுகம் சந்திப்பை விட்டதும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம்.

சிதம்பரம் என்றதும் ஒரு காலைத் தூக்கி ஆடும் நடராஜர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். 1920-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஒரு கல்லூரி தொடங்கினார். அது 1929-ல் பல்கலைக் கழகம் ஆயிற்று. 2013-ல் தமிழக அரசாங்கம் தனிச் சட்டம் போட்டு அதை ஏற்றுக்கொண்டது.

மாணவர்கள் தங்கிப் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு கட்டப்பட்ட இடம் அது. பெண்களுக்குத் “தாமரை இல்லம்” என்று விடுதி இருக்கிறது. உடற்கல்வித் துறையும் இருக்கிறது. பந்து ஆடியவர்கள் அங்கேயே உடற்கல்விப் பட்டம் பெற்று, ஆசிரியராக வெளியே வரலாம்.

இன்னொரு முக்கியமான மாறுதல் 2021-ல் நடந்தது. கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகள் அதற்கு முன் பல ஆண்டுகளாக வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன. 2021-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்க வழி செய்தார்கள்.

இதனால் ஆட்டக்காரப் பெண்ணுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பல்கலைக் கழகங்களுக்கு இடையே பந்தயம் நடக்கும்போது, ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தன்னோடு இணைந்த கல்லூரிகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கலாம். தேவனாம்பட்டினத்திலேயே பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1964-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே படிக்கும் பெண், வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்து போய்ப் படித்துக்கொண்டே, அண்ணாமலைப் பல்கலைக் கழக அணிக்குத் தேர்வாகலாம். தேர்வுக்கும் பயிற்சி முகாமுக்கும் சிதம்பரம் போனால் போதும்!

தென் மண்டலப் பந்தயத்தில் ஜெயித்தால் அகில இந்தியப் பந்தயம். அதற்கும் மேலே, 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய “கேலோ இந்தியா” பல்கலைக் கழகப் போட்டிகள். குப்பத்து வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, அகில இந்தியா வரை போகப் பாதை இருக்கிறது.

பாதை இருக்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரியுமா? அதுதான் கேள்வி!

அமெரிக்காவில் கல்லூரி ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். இங்கே பிள்ளைதான் கல்லூரியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எந்த மாதம் விண்ணப்பம் கொடுப்பார்கள், எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும், தேர்வு எந்த நாளில் நடக்கும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், நல்ல ஆட்டக்காரி வீட்டோடு இருந்துவிடுகிறாள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களைப் பார்க்கக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால், அதற்குச் செலவு எவ்வளவு ஆகும்? ஒரு பஸ் டிக்கெட்டு!

கால் ஓய்ந்த பிறகு?

இனி, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்தில் மயங்கிவிடக் கூடாது. அமெரிக்காவிலேயே கல்லூரிக் கால்பந்து ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. போனவருக்கும் ஆபத்து உண்டு. டுவா டாகோவாய்லோவா, மயாமி அணிக்கு ஆடும்போது 2022-லும் 2024-லும் தலையில் அடிபட்டு மைதானத்திலிருந்து வெளியேறினார். கோடி கோடியாகச் சம்பாதித்தவருக்கே இந்தக் கதி.

நம் பெண்கள் கால்பந்தில் கோடிகள் கிடையாது. பெண்கள் லீக்கின் உயர்ந்த பிரிவில் ஆடும் கழகங்கள், குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. வகுத்துப் பாருங்கள்: மாதம் 27 ஆயிரத்துக்கும் குறைவு! அதுவும் கால் நன்றாக இருக்கும் வரைதான். முழங்கால் ஜவ்வு அறுந்தால், ஓர் ஆண்டு படுக்க வேண்டியதுதான்.

ஆகவே, யார் வந்து கேட்டாலும் தாய் தகப்பன்மார் சில கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது: சம்பளம் மட்டும் இலவசமா? விடுதி, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், பூட்ஸ் இவற்றுக்கு யார் பணம் கொடுப்பது? எத்தனை ஆண்டுகளுக்கு?

இரண்டாவது: ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? அடிபட்டு ஆட முடியாமல் போனால், படிப்பை முடிக்க விடுவார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

மூன்றாவது: பந்தயத்துக்குப் போகும் நாட்களில் வகுப்பு வருகைக்கு என்ன வழி? பரீட்சை தவறினால் மறுபடி எழுத விடுவார்களா?

நான்காவது: எந்தப் பட்டம்? அந்தப் பட்டத்துக்கு வேலை உண்டா?

ஐந்தாவது: ஆடிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் சான்றிதழ் வாங்கித் தருவார்களா?

ஐந்தாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது, ஆடியதற்குச் சாட்சி காகிதம்தான். சர்வதேசப் பந்தயத்துக்கு முதலாம் படிவம். தேசியப் பந்தயத்துக்கு இரண்டாம் படிவம். பல்கலைக் கழகங்களுக்கு இடையேயான பந்தயத்துக்கு மூன்றாம் படிவம். தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்காம் படிவம். தமிழக அரசாங்க வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 500 இடங்கள் இருக்கின்றன. சரியான படிவம் கையில் இல்லாதவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

அதைப் பெட்டியில் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். மழைக் காலத்தில் கடலூரில் வெள்ளம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நகல் எடுத்து வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் என்றால் போதுமா?

“பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே சிதம்பரத்தில் சேர்த்துவிட வேண்டுமா? பெரிய இடத்துக்குப் போனால்தானே பெரிய ஆட்டக்காரி ஆகலாம்?” என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. இந்துமதியும் சந்தியாவும் கடலூரிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. மதுரைக் கழகத்துக்கு ஆடினார்கள். இந்திய அணியோடு கடல் கடந்து போனார்கள். திறமை முற்றும்போது வெளியே போகத்தான் வேண்டும்.

ஆனால் முதல் அடி எங்கே எடுத்து வைப்பது? பதினேழு வயதில், வீட்டார் சம்மதிக்கும் தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தால், அந்தப் பெண்ணுக்கு மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளில் அவளுக்குப் பட்டம் கிடைக்கும். ஆட்டம் முதிரும். “என் பெண் தனியாகப் போய் வருவாள்” என்ற தைரியம் தாய்க்கும் வரும். இருபது வயதில் மதுரையோ, கொல்கத்தாவோ அழைத்தால், வீட்டார் தாங்களே ரயிலேற்றி விடுவார்கள்.

பக்கத்துக் கல்லூரி இல்லாவிட்டால் அவள் கொல்கத்தாவுக்கும் போகமாட்டாள். பதினேழு வயதிலேயே பந்தைக் கீழே வைத்துவிடுவாள்.

கல்லூரிகளுக்கும் இதில் லாபம் இருக்கிறது. டிம்மி சாங் ஹவாயில் தங்கியதால் அந்த ஊருக்கு ஒரு பயிற்சியாளர் கிடைத்தார். கடலூர்ப் பெண் ஒருத்தி சிதம்பரத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்றால், நாளைக்குக் கடலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் விசில் ஊதிக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்து இன்னும் நாற்பது பெண்கள் மைதானத்துக்கு வருவார்கள். டிரில் மாஸ்டர் வந்து கேட்டபோது தயங்கிய அம்மாளைப்போல் இன்னொரு அம்மாள் தயங்கினால், “நானும் அப்படித்தான் போனேன், பெரியம்மா. ஒன்றும் பயம் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவளே சொல்வாள்.

அடுத்த முறை தேவனாம்பட்டினம் போகிறவர்கள், காற்று வாங்கிவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அந்தச் செருப்புக் “கோல்” பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். நன்றாக ஆடும் பெண் கண்ணில் பட்டால், “எந்தக் கல்லூரியில் சேரப் போகிறாய், அம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்குப் பதில் தெரியாவிட்டால், சிதம்பரத்துக்கு எந்த நேரத்தில் பஸ் என்று நீங்கள் சொல்லுங்கள்.